பைத்தானில் டிஎல்எஸ் இணைப்பு: முதல் சாக்கெட்டிலிருந்து சான்றிதழ் புதுப்பிப்பு வரை

பைத்தானில் ஒரு சாக்கெட்டை (இரு நிரல்கள் வலையமைப்பில் பேசும் முனை) டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு நெறிமுறையால் குறியாக்கம் செய்ய மூன்று வரி போதும். அந்த மூன்று வரியும் பிழையில்லாமல் ஓடும், தரவும் போய்வரும். அப்படியிருந்தும் இணைப்பு பாதுகாப்பில்லாமல் இருக்கலாம். எதிர்முனையில் இருப்பது யாரென்று பார்க்காமல் குறியாக்கம் மட்டும் செய்வது, கடிதத்தை அரக்கு வைத்து ஒட்டிவிட்டு, வாசலில் நிற்பவர் தபால்காரர்தானா என்று கேட்காமல் கொடுத்தனுப்புவதற்குச் சமம். நடுவில் புகுந்தவர் உங்களோடு ஒரு குறியாக்க இணைப்பும் சர்வரோடு இன்னொன்றும் வைத்துக்கொண்டு, இடையில் எல்லாவற்றையும் நிதானமாகப் படிப்பார். இருபக்கமும் ஒரு பிழைச்செய்தியும் வராது. அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி குறியாக்கத்தைப் பற்றியதல்ல, எதிர்முனையின் அடையாளத்தைச் சான்றிதழ் (சர்வரின் பெயரையும் பொதுச்சாவியையும் இணைத்து, நம்பிக்கையான ஒருவர் கையொப்பமிட்ட கோப்பு) கொண்டு சரிபார்ப்பதைப் பற்றியது. வேலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

நிரல் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். அடிக்கோடு வரும் இடத்தில் நிரலிலும் அடிக்கோடு வரும். முழு எழுத்தும் பெரிய எழுத்தாக வரும் மாறிலிகளை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறோம்.

தொடங்கும் முன்: எந்தப் பதிப்பு?

பைத்தானின் 'எஸ்எஸ்எல்' தொகுதி தானாகக் குறியாக்கம் செய்வதில்லை. அது ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் மேல் போர்த்திய உறைதான். எனவே பைத்தான் பதிப்போடு, அது எந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு ஓடுகிறது என்பதையும் பாருங்கள். தொகுதியிலுள்ள 'ஓப்பன்எஸ்எஸ்எல்_வெர்ஷன்' மாறிலியை (பெரிய எழுத்து) அச்சிட்டால் தெரிந்துவிடும். பைத்தான் 3.10 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்குப் பிந்தையது கட்டாயம். இயல்பான குறைந்தபட்ச நெறிமுறையும் டிஎல்எஸ் 1.2 ஆக உயர்ந்தது. அதற்கு முந்தைய பைத்தானில் புதிய வேலை எதையும் தொடங்க வேண்டாம்.

பெயரில் இன்னும் 'எஸ்எஸ்எல்' ஒட்டிக்கொண்டிருந்தாலும் டிஎல்எஸ்ஸின் முன்னோடியான எஸ்எஸ்எல் நெறிமுறை வழக்கொழிந்துவிட்டது. எஸ்எஸ்எல் 3.0 முறைப்படி கைவிடப்பட்டது 2015இல், டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் 2021இல். இன்று புழக்கத்தில் இருக்க வேண்டியவை 2008இல் வந்த 1.2, 2018இல் வந்த 1.3 மட்டுமே.

பழைய எடுத்துக்காட்டுகளை நகலெடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. தொகுதியிலிருந்து நேரடியாக 'ராப்_சாக்கெட்' செயற்கூறை அழைக்கும் நிரல் இணையத்தில் ஏராளம். பைத்தான் 3.12இல் அந்தச் செயற்கூறையே எடுத்துவிட்டார்கள். ஓட்டினால் 'அட்ரிபியூட்எரர்' வரும். அது வருவது நல்லதே. பழைய செயற்கூறு இயல்பாகச் சான்றிதழைச் சரிபார்க்காது, எந்தப் பெயருள்ள சர்வர் வேண்டும் என்றும் எதிர்முனைக்குச் சொல்லாது. இப்போது 'ராப்_சாக்கெட்' என்பது கான்டெக்ஸ்ட் பொருளின் (இணைப்பின் பாதுகாப்பு அமைப்புகளைச் சேர்த்து வைத்திருப்பது) மெத்தட் மட்டுமே. கீழே வருவதெல்லாம் அதுதான்.

படி 1: கிளையன்ட்

முதலில் 'கிரியேட்_டிஃபால்ட்_கான்டெக்ஸ்ட்' செயற்கூறை எந்த அளவுருவும் இல்லாமல் அழைத்து ஒரு கான்டெக்ஸ்ட் எடுங்கள். அடுத்து 'சாக்கெட்' தொகுதியின் 'கிரியேட்_கனெக்ஷன்' மூலம் சர்வர் பெயர், போர்ட் 443, டைம்அவுட் 10 நொடி என்று கொடுத்துச் சாதாரண டிசிபி இணைப்பைத் திறங்கள். மூன்றாவதாக, கான்டெக்ஸ்ட்டின் 'ராப்_சாக்கெட்' மெத்தடுக்கு அந்தச் சாக்கெட்டையும் 'சர்வர்_ஹோஸ்ட்நேம்' என்ற அளவுருவில் சர்வரின் பெயரையும் கொடுங்கள். திரும்பி வருவது குறியாக்கப்பட்ட சாக்கெட். இரண்டு சாக்கெட்டையும் 'வித்' தொகுப்புக்குள் வைத்தால் எந்தப் பிழை வந்தாலும் மூடப்படும்.

இந்த மூன்று வரிக்குள் நடப்பது நிறைய. முதல் வரி உங்கள் இயங்குதளத்தின் ரூட் சான்றிதழ்களை (சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களின் மூலச் சான்றிதழ்கள், நம்பிக்கை தொடங்கும் இடம்) ஏற்றுகிறது, சான்றிதழ் கட்டாயம் என்று வைக்கிறது, பெயர்ச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுகிறது. இரண்டாவது வரியில் கொடுத்த டைம்அவுட் சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு ஹேண்ட்ஷேக்குக்கும் (தரவு போகும் முன் இருபக்கமும் சாவியை ஒத்துக்கொள்ளும் தொடக்கப் பேச்சு) அடுத்துவரும் வாசிப்புக்கும் பொருந்தும். அதைக் கொடுக்காவிட்டால், இணைப்பை ஏற்றுவிட்டுப் பேசாமல் இருக்கும் சர்வர் உங்கள் நிரலை நாள்கணக்கில் நிறுத்திவைக்கும்.

மூன்றாவது வரியின் 'சர்வர்_ஹோஸ்ட்நேம்' இரண்டு வேலை செய்கிறது. ஒரே ஐபி முகவரியில் பல தளங்கள் இருந்தால் எது வேண்டும் என்று ஹேண்ட்ஷேக்கின் தொடக்கத்திலேயே சொல்கிறது. வந்த சான்றிதழில் அதே பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கிறது. ஆகவே அங்கே போக வேண்டியது பயனரோ அமைப்புக் கோப்போ கொடுத்த மூலப்பெயர். ஐபியிலிருந்து தலைகீழாக டிஎன்எஸ்ஸில் தேடிக் கண்டுபிடித்த பெயரைக் கொடுக்கவே கூடாது. அந்தப் பதிலைத் தீர்மானிப்பது ஐபி முகவரி யார் கையில் இருக்கிறதோ அவர். அவருடைய பெயரை அவரையே கேட்டு, அவர் சான்றிதழோடு ஒப்பிட்டால் எப்போதும் பொருந்தும்.

இணைந்ததும் 'வெர்ஷன்', 'சைஃபர்' (குறியாக்க முறை) மெத்தட்களை அழைத்துப் பாருங்கள். 'டிஎல்எஸ்வி1.3' என்று வந்தால் சரி. கான்டெக்ஸ்ட்டை இணைப்புக்கு ஒன்றாக உருவாக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு மேற்பட்ட ரூட் சான்றிதழ்களைப் படித்து ஏற்றுவது வீண் செலவு. நிரல் தொடங்கும்போது ஒன்றை உருவாக்கி எல்லா இணைப்புக்கும் அதையே கொடுங்கள்.

சரியாக இணைகிறதா என்று சோதிப்பது பாதி வேலைதான். இணையக் கூடாத இடத்தில் இணைய மறுக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். இதற்கென்றே பேட்எஸ்எஸ்எல்.காம் என்ற தளம் இருக்கிறது. அதன் துணைப்பெயர்களான 'எக்ஸ்பயர்ட்', 'ராங்.ஹோஸ்ட்', 'செல்ஃப்-சைன்ட்', 'அன்டிரஸ்டட்-ரூட்' நான்கிலும் உங்கள் கிளையன்டை ஓட்டுங்கள். நான்குமே தோற்க வேண்டும். ஒன்று இணைந்தாலும் நிரலைக் கீழே வையுங்கள், அது வெளியே போகத் தகுதியானதல்ல.

மின்னஞ்சல் தொகுதிகளில் ஒளிந்திருக்கும் பள்ளம்

2014இன் இறுதியில் வந்த 2.7.9, அதையடுத்து வந்த 3.4.3 பதிப்புகளிலிருந்து பைத்தானின் எச்டிடிபி கிளையன்ட்கள் சான்றிதழை இயல்பாகச் சரிபார்க்கின்றன. இதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லாத் தொகுதியும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள். உண்மை அதுவல்ல. 'எஸ்எம்டிபிலிப்', 'ஐமேப்லிப்', 'பாப்லிப்', 'எஃப்டிபிலிப்' ஆகியவற்றில் நீங்கள் கான்டெக்ஸ்ட் கொடுக்காவிட்டால், தொகுதி தானாக எடுத்துக்கொள்வது சரிபார்ப்பே இல்லாத கான்டெக்ஸ்ட். குறியாக்கம் இருக்கும், கடவுச்சொல்லும் போகும். யாரிடம் போகிறது என்பது மட்டும் தெரியாது. 'ஸ்டார்ட்டிஎல்எஸ்' மெத்தடுக்கும் 'எஸ்எம்டிபி_எஸ்எஸ்எல்' வகுப்புக்கும் 'கான்டெக்ஸ்ட்' அளவுருவில் நீங்கள் உருவாக்கிய இயல்பு கான்டெக்ஸ்ட்டைக் கொடுங்கள். உங்கள் நிரலில் மின்னஞ்சல் அனுப்பும் பகுதி இருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன் அந்த வரியைப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

படி 2: சரிபார்ப்புப் பிழையைப் படிப்பது

சரிபார்ப்பு தோற்றால் 'எஸ்எஸ்எல்செர்ட்வெரிஃபிகேஷன்எரர்' எழும். அதில் 'வெரிஃபை_கோட்' என்ற எண் இருக்கும். அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். காரணத்தை நேரடியாகச் சொல்வது அதுதான்.

எண் 20: வழங்கியவரின் சான்றிதழ் கிடைக்கவில்லை. அதிகம் வருவது இது. முதல் காரணம் சர்வர் பக்கம்: சர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்பிவிட்டு, அதை ரூட்டோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை அனுப்பவில்லை. 'பிரவுசரில் நன்றாகத் திறக்கிறதே, பைத்தானில் மட்டும் ஏன்?' என்ற கேள்விக்கு விடை இங்கேதான். விடுபட்ட இடைநிலையைப் பிரவுசர் முன்பே சேமித்து வைத்திருக்கும், அல்லது தானே போய் எடுத்துக்கொள்ளும். பைத்தான் அப்படித் தேடிப் போகாது. உறுதிசெய்ய, முனையத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 'எஸ்_கிளையன்ட்' கட்டளையை '-கனெக்ட்', '-சர்வர்நேம்', '-ஷோசெர்ட்ஸ்' தேர்வுகளோடு ஓட்டுங்கள். ஒரே ஒரு சான்றிதழ் மட்டும் வந்தால் குறை சர்வரில். அதைத் திருத்த வேண்டியவர் சர்வரை நடத்துபவர்.

இரண்டாவது காரணம் உங்கள் பக்கம்: ரூட் சான்றிதழ்களே இல்லை. பைத்தான்.ஆர்க் தளத்தின் நிறுவியை மேக்கில் போட்டவர்கள், அதனோடு வரும் 'இன்ஸ்டால் சர்டிபிகேட்ஸ்' கோப்பை ஒருமுறை இயக்க வேண்டும், பலர் இயக்குவதில்லை. சிக்கனமான கண்டெய்னர் இமேஜில் 'சிஏ-சர்டிபிகேட்ஸ்' பொதி விடுபட்டிருக்கலாம். 'கெட்_டிஃபால்ட்_வெரிஃபை_பாத்ஸ்' செயற்கூறு காட்டும் பாதையில் கோப்பு உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே கணினியில் 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகம் இணைந்து, சாதாரண சாக்கெட் தோற்றாலும் குழம்ப வேண்டாம். 'ரிக்வெஸ்ட்ஸ்' பயன்படுத்துவது 'செர்டிஃபை' பொதியோடு வரும் மொசில்லாவின் ரூட் பட்டியலை. சாக்கெட் பயன்படுத்துவது இயங்குதளத்தின் பட்டியலை. முன்னதற்கு 'ரிக்வெஸ்ட்ஸ்_சிஏ_பண்டில்', பின்னதற்கு 'எஸ்எஸ்எல்_செர்ட்_ஃபைல்' என்று சூழல் மாறிகளும் வெவ்வேறு.

எண் 18, 19: தானே கையொப்பமிட்டது. 18 என்றால் சர்வரின் சான்றிதழே அப்படி. 19 என்றால் சங்கிலியின் உச்சியில், உங்களுக்குத் தெரியாத ஒரு ரூட் இருக்கிறது. அலுவலக வலையமைப்பில் மட்டும் 19 வந்தால், போக்குவரத்தை இடைமறித்துச் சோதிக்கும் ப்ராக்ஸி இருக்கிறது என்றே பொருள். நிர்வாகிகளிடம் அந்த ரூட் சான்றிதழைக் கேட்டு வாங்கி, இயல்பு கான்டெக்ஸ்ட்டில் 'லோட்_வெரிஃபை_லொகேஷன்ஸ்' மூலம் கூடுதலாக ஏற்றுங்கள். கான்டெக்ஸ்ட்டை உருவாக்கும்போதே 'சிஏஃபைல்' அளவுருவில் கொடுத்தால் கதை வேறு: அப்போது இயங்குதளத்தின் ரூட்கள் ஏற்றப்படாது, நீங்கள் கொடுத்தது மட்டுமே நம்பப்படும். இது சில இடங்களில் நமக்கு வேண்டியதே. படி 5இல் வருகிறது.

எண் 10: காலாவதி, எண் 9: இன்னும் செல்லுபடியாகவில்லை. 9 வந்தால் முதலில் உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். ராஸ்பெரி பை 4 வரையிலான பலகைகளில் மின்சாரம் போனாலும் நேரம் காக்கும் கடிகாரம் இல்லை. இயங்கத் தொடங்கியதும், வலையமைப்பிலிருந்து நேரம் வாங்கும் முன்பே உங்கள் நிரல் இணைய முயன்றால் இந்தப் பிழை வரும். 10 வந்தால், காலாவதியானது சர்வரின் சான்றிதழ்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். 2021 செப்டம்பர் 30 அன்று 'டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3' என்ற ரூட் காலாவதியானபோது, சர்வர்களின் சான்றிதழ்கள் நல்ல நிலையில் இருந்தும், ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 வைத்திருந்த பழைய கிளையன்ட்கள் தோற்றன. வேறொரு நல்ல ரூட்டுக்குப் போகும் பாதை கையிலிருந்தும் அந்தப் பழைய பதிப்பு அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

எண் 62: பெயர் பொருந்தவில்லை. நட்சத்திரக்குறியோடு வரும் சான்றிதழ் ஒரே ஒரு அடுக்கைத்தான் மூடும். முதன்மைப் பெயருக்கு முன்னால் ஒரு சொல் வந்தால் பொருந்தும். இரண்டு சொல் வந்தாலோ ஒன்றும் வராவிட்டாலோ பொருந்தாது. ஐபி முகவரியால் இணைந்தால், சான்றிதழின் மாற்றுப்பெயர்ப் பகுதியில் அது ஐபி வகையாகவே பதிந்திருக்க வேண்டும். டிஎன்எஸ் வகையில் எண்களை எழுதி வைத்தால் செல்லாது.

இந்த எண்களில் எது வந்தாலும் இணையத்தில் தேடினால் கிடைக்கும் முதல் மருந்து ஒன்றே: சரிபார்ப்பை அணைத்துவிடு. 'செர்ட்_நன்' என்று வைக்கப்போனால் பைத்தானே ஒருமுறை தடுக்கிறது. பெயர்ச் சரிபார்ப்பு இயங்கும்போது அதை வைத்தால் 'வேல்யூஎரர்' எழும். இரண்டையும் வரிசைப்படி அணைத்தால் பிழை போய்விடும். கூடவே பாதுகாப்பும் போய்விடும். 'சோதனைக்கு மட்டும்' என்று எழுதிய அந்த இரண்டு வரி, சோதனை முடிந்த பிறகும் நிரலில் தங்கிவிடும். சோதனைக்கும் சொந்த ரூட் ஒன்றை உருவாக்குவதே சரியான வழி. பத்து நிமிட வேலை.

படி 3: சர்வர்

சர்வருக்குக் கான்டெக்ஸ்ட் உருவாக்கும்போது நோக்கமாக 'பர்பஸ்.கிளையன்ட்_ஆத்' கொடுக்க வேண்டும். பலர் சர்வர்தானே என்று 'சர்வர்_ஆத்' கொடுத்துச் சிக்குகிறார்கள். அங்கே குறிப்பிடுவது எதிர்முனையை; சர்வருக்கு எதிரே இருப்பது கிளையன்ட்.

அடுத்து 'லோட்_செர்ட்_செயின்' மூலம் சான்றிதழ்க் கோப்பு, தனிச்சாவிக் கோப்பு இரண்டையும் ஏற்றுங்கள். சான்றிதழ்க் கோப்பில் முதலில் உங்கள் சான்றிதழ், அடுத்து இடைநிலை என்ற வரிசை மாறக் கூடாது, ரூட் தேவையில்லை. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட்டிடமிருந்து செர்ட்பாட் கருவி மூலம் சான்றிதழ் எடுத்தால் 'ஃபுல்செயின்.பெம்' கோப்பைக் கொடுங்கள். 'செர்ட்.பெம்' கொடுத்தால் சர்வர் முனகாமல் தொடங்கும், பிரவுசரிலும் திறக்கக்கூடும். மேலே சொன்ன எண் 20 உங்கள் பயனர்களின் நிரல்களில் முளைக்கும்.

'கீ_வேல்யூஸ்_மிஸ்மேட்ச்' என்று வந்தால் சாவியும் சான்றிதழும் ஒரே ஜோடி அல்ல. இரண்டிலிருந்தும் பொதுச்சாவியை எடுத்து ஒப்பிடுங்கள்: சான்றிதழிலிருந்து எடுக்க ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 'எக்ஸ்509' கட்டளை '-பப்கீ' தேர்வோடு, சாவியிலிருந்து எடுக்க 'பிகீ' கட்டளை '-பப்அவுட்' தேர்வோடு. தனிச்சாவிக் கோப்பின் அனுமதி 600 ஆக இருக்கட்டும். கிட் களஞ்சியத்துக்குள் அது ஒருமுறை போய்விட்டால், பிறகு நீக்கினாலும் வரலாற்றில் இருக்கும்; அந்தச் சாவியை வெளியே கசிந்ததாகவே கருதிப் புதிது எடுக்க வேண்டும். கடவுச்சொல் பூட்டிய சாவியாக இருந்தால் 'பாஸ்வேர்ட்' அளவுருவையும் கொடுங்கள். இல்லாவிட்டால் ஓப்பன்எஸ்எஸ்எல் முனையத்தில் கடவுச்சொல் கேட்கும். பின்னணிச் சேவைக்கு முனையம் ஏது?

இனி ஒரு அமைப்புப் பிழை. பல எடுத்துக்காட்டுகள் கேட்கும் சாக்கெட்டையே 'ராப்_சாக்கெட்'டால் சுற்றிவிட்டு, 'அக்செப்ட்' சுழற்சி ஓட்டுகின்றன. அப்படிச் செய்தால் 'அக்செப்ட்' உள்ளேயே ஹேண்ட்ஷேக்கும் நடக்கும். யாரோ ஒருவர் இணைந்துவிட்டு ஒரு பைட்டும் அனுப்பாமல் இருந்தால், வரிசையில் நிற்கும் எல்லோரும் காத்திருப்பார்கள். தப்பான ஹேண்ட்ஷேக் ஒன்று வந்தால் பிழை 'அக்செப்ட்' வரியில் எழுந்து சர்வரையே சாய்த்துவிடும். பொது இணையத்தில் திறந்திருக்கும் எந்தப் போர்ட்டையும் ஸ்கேனர்கள் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே இது நடந்தே தீரும். சரியான முறை: கேட்கும் சாக்கெட் சாதாரணமாக இருக்கட்டும். 'அக்செப்ட்' கொடுத்த சாக்கெட்டை ஒரு த்ரெட்டிடம் ஒப்படையுங்கள். அந்த த்ரெட் 5 முதல் 10 நொடி டைம்அவுட் வைத்து, பிழைகளைப் பிடிக்கும் 'ட்ரை' தொகுப்புக்குள் 'சர்வர்_சைட்' உண்மை என்று கொடுத்துச் சுற்றட்டும்.

'அசிங்க்ஐஓ' பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. 'ஸ்டார்ட்_சர்வர்' செயற்கூறின் 'எஸ்எஸ்எல்' அளவுருவில் கான்டெக்ஸ்ட்டைக் கொடுத்தால் போதும். ஹேண்ட்ஷேக் டைம்அவுட் மட்டும் இயல்பாக 60 நொடி. 10 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: தரவு அனுப்புவதும் முடிப்பதும்

டிஎல்எஸ் வந்தாலும் அது ஓடும் நீர்தான். செய்திகளுக்கு எல்லை போட்டுத் தராது. அனுப்ப 'சென்ட்ஆல்' பயன்படுத்துங்கள். வாங்கும்போது, ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் 4 பைட்டில் நீளத்தை எழுதி, அத்தனை பைட் சேரும்வரை 'ரெசீவ்' அழைக்கும் சுழற்சி வேண்டும். நீளத்துக்கு ஓர் உச்சவரம்பும் வையுங்கள், 1 எம்பி என்பது போல. இல்லாவிட்டால் 4 பைட்டில் 400 கோடி என்று எழுதி அனுப்புபவர் உங்கள் நினைவகத்தைக் காலி செய்வார்.

எந்தச் சாக்கெட்டில் தரவு வந்திருக்கிறது என்று சொல்லும் 'செலக்ட்' பயன்படுத்துபவர்களைத் தடுக்கிவிடும் ஒரு நுணுக்கம். டிஎல்எஸ் பதிவு ஒன்று 16,384 பைட் வரை தரவு கொள்ளும். அதில் 1,024 மட்டும் நீங்கள் வாசித்தால், மீதி ஏற்கெனவே குறியாக்கம் அவிழ்ந்து ஓப்பன்எஸ்எஸ்எல்லின் உள்ளறையில் கிடக்கும். இயங்குதளத்தின் பார்வையில் சாக்கெட் காலி. 'செலக்ட்' எதுவும் வரவில்லை என்று சொல்லி நிற்கும். எனவே 'செலக்ட்'டுக்குப் போகும் முன் 'பெண்டிங்' மெத்தட் 0 தருகிறதா என்று பார்த்து, அதுவரை வாசித்துத் தீர்க்க வேண்டும்.

முடிவிலும் கவனம் வேண்டும். இணைப்பு ஒழுங்காக முடிந்தால் எதிர்முனை 'முடித்துவிட்டேன்' என்று ஒரு குறியாக்க அறிவிப்பு அனுப்பும். நீங்கள் அனுப்ப 'அன்ராப்' மெத்தட். நடுவில் யாரேனும் கம்பியை வெட்டினால் அந்த அறிவிப்பு வராது. பைத்தான் இயல்பாக இந்த இரண்டு முடிவையும் வேறுபடுத்திக் காட்டாது. இரண்டுக்கும் வெற்று பைட் சரமே திரும்பும். 'சப்ரஸ்_ராகெட்_இஓஎஃப்ஸ்' என்ற அளவுருவைப் பொய் என்று வைத்தால் வெட்டுப்பட்டது பிழையாக எழும். நீளம் முன்னொட்டிய செய்தி இருந்தால் இன்னும் எளிது: அரைகுறையாக வந்த செய்தியை எறிந்துவிடலாம்.

படி 5: உங்கள் சேவைகளுக்குள் மட்டும் – சொந்த ரூட், இருவழிச் சரிபார்ப்பு

இயங்குதளத்தின் பட்டியலில் இருக்கும் ரூட் நிறுவனங்களில் எந்த ஒன்றும், உலகில் எந்தப் பெயருக்கும் சான்றிதழ் வழங்க முடியும். 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டர் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுளின் பெயரில் சான்றிதழ் எடுத்தார்கள். 2014 ஜூலையில், இந்தியாவின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுளின் பெயர்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வந்திருந்தது தெரியவந்தது. உங்கள் பணப்பட்டியல் சேவை உங்கள் தரவுத்தளச் சேவையோடு பேசுவதற்கு உலகிலுள்ள எல்லா ரூட்டையும் நம்ப வேண்டிய தேவை இல்லை. சொந்த ரூட் ஒன்றை உருவாக்கி, அதை மட்டும் நம்புங்கள்.

ரூட்டுக்கு பி-256 நீள்வளைச் சாவி, 10 ஆண்டு காலம். சேவைகளின் சான்றிதழுக்கு 90 நாள் அல்லது அதற்கும் குறைவு. ரூட்டின் 'பேசிக்கான்ஸ்ட்ரெயின்ட்ஸ்' நீட்சி 'கிரிட்டிக்கல்' என்ற குறியோடு சிஏ (சான்றிதழ் வழங்குபவர்) உண்மை என்று இருக்க வேண்டும். 'கீயூசேஜ்' நீட்சியும் சாவி அடையாள நீட்சியும் இருக்க வேண்டும். சேவைச் சான்றிதழில் மாற்றுப்பெயர், பயன்பாட்டு நோக்கம் (சர்வருக்கு 'சர்வர்ஆத்', கிளையன்டுக்கு 'கிளையன்ட்ஆத்'), வழங்கியவரின் சாவி அடையாளம் மூன்றும் வேண்டும். பைத்தான் 3.13 முதல் இயல்பு கான்டெக்ஸ்ட் இவற்றைக் கறாராகப் பார்க்கிறது. நேற்றுவரை ஓடிய உள்சேவை, பைத்தானை உயர்த்தியதும் 'மிஸ்ஸிங் அத்தாரிட்டி கீ ஐடென்டிஃபையர்' என்று நின்றால் காரணம் இதுவே. கறார்க் கொடியை அணைப்பதைவிடச் சான்றிதழைச் சரியாகத் திரும்ப எடுப்பது மேல்.

இருபக்கமும் ஒன்றையொன்று சரிபார்க்க, கிளையன்ட் பக்கம் 'சிஏஃபைல்' அளவுருவில் சொந்த ரூட்டைக் கொடுத்துக் கான்டெக்ஸ்ட் உருவாக்கி, தன் சான்றிதழை 'லோட்_செர்ட்_செயின்' மூலம் ஏற்றட்டும். சர்வர் பக்கம் 'வெரிஃபை_மோட்' மதிப்பை 'செர்ட்_ரிக்வயர்ட்' ஆக்கி, 'லோட்_வெரிஃபை_லொகேஷன்ஸ்' மூலம் அதே ரூட்டை ஏற்றுங்கள். இங்கே 'லோட்_டிஃபால்ட்_செர்ட்ஸ்' அழைத்துவிடாதீர்கள். அழைத்தால் இயங்குதளம் நம்பும் எந்த ரூட்டிடமிருந்தும் கிளையன்ட் சான்றிதழ் வாங்கியவரெல்லாம் உள்ளே வரலாம்.

உள்ளே வந்தவர் யார் என்பதையும் நீங்களே பார்க்க வேண்டும். 'கெட்பியர்செர்ட்' தரும் அகராதியில் 'சப்ஜெக்ட்ஆல்ட்நேம்' எடுத்து, அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சர்வர் பக்கம் பெயர்ச் சரிபார்ப்பு தானாக நடப்பதில்லை. ரூட் கையொப்பமிட்டதா என்பது மட்டுமே பார்க்கப்படுகிறது.

டிஎல்எஸ் 1.3இல் இதைச் சோதிப்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டு திகைப்பார்கள்: சான்றிதழே இல்லாத கிளையன்டிலும் 'ராப்_சாக்கெட்' வெற்றி என்று திரும்பும். காவல் உடைந்துவிடவில்லை. 1.3இல் கிளையன்ட் தன் பக்க ஹேண்ட்ஷேக்கை முடித்த பிறகே சர்வர் அதன் சான்றிதழைப் பார்க்கிறது. மறுப்பு கிளையன்டின் முதல் வாசிப்பில்தான் பிழையாக எழும். ஆகவே சோதனை நிரலில் ஒரு பைட்டாவது வாசிக்க முயன்ற பிறகே முடிவைக் குறியுங்கள்.

சான்றிதழ் ரத்து ஆனதா என்று பைத்தான் இயல்பாகப் பார்ப்பதில்லை. குறுகிய ஆயுள் வேண்டும் என்பது இதனால்தான்.

படி 6: புதுப்பிப்பு

பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2026 மார்ச் 15 முதல் உச்சம் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். நாள்காட்டியில் குறித்துவைத்துக் கையால் மாற்றும் காலம் முடிந்துவிட்டது.

சர்வரை நிறுத்தாமலே மாற்றலாம். ஓடிக்கொண்டிருக்கும் அதே கான்டெக்ஸ்ட்டில் மறுபடி 'லோட்_செர்ட்_செயின்' அழைத்தால், இருக்கும் இணைப்புகள் கலையாது. இனி வரும் இணைப்புகள் புதிய சான்றிதழைப் பெறும். ஆனால் நேரடியாக அப்படிச் செய்ய வேண்டாம். சான்றிதழ் புதிதாகி, சாவிக் கோப்பு இன்னும் மாறாத நொடியில் ஏற்றினால், கான்டெக்ஸ்ட் பாதி மாறிய நிலையில் தங்கிவிடலாம். முதலில் தற்காலிகமாக வேறொரு கான்டெக்ஸ்ட் உருவாக்கி அதில் ஏற்றிப் பாருங்கள். பிழையில்லை என்றால் மட்டும் உண்மையானதில் ஏற்றுங்கள். மணிக்கு ஒருமுறை கோப்பின் நேரத்தைப் பார்த்து இதைச் செய்தால் போதும்.

கண்காணிப்பு தனியாக, வேறு கணினியிலிருந்து நடக்கட்டும். கோப்பைப் பார்க்காமல் இணைப்பையே திறந்து பாருங்கள். கோப்பு புதிதாகியும் சர்வர் பழையதையே காட்டிக்கொண்டிருப்பது வழக்கமான கோளாறு. 'கெட்பியர்செர்ட்' தரும் 'நாட்ஆஃப்டர்' மதிப்பை 'செர்ட்_டைம்_டு_செகண்ட்ஸ்' மூலம் நொடியாக்கி, இப்போதைய நேரத்தைக் கழியுங்கள். 90 நாள் சான்றிதழ்களை 30 நாள் மிச்சமிருக்கும்போது புதுப்பிப்பது வழக்கம். 20 நாளுக்குக் கீழே போனால் தானியங்கி எங்கோ நின்றுவிட்டது.

மற்ற பிழைகள், சுருக்கமாக

செய்தியில் 'அலர்ட்' என்ற சொல் இருந்தால் புகார் சொல்வது எதிர்முனை. குறையை உங்கள் பக்கத்தில் தேடுங்கள். 'டிஎல்எஸ்வி1_அலர்ட்_அன்நோன்_சிஏ' என்றால் அவர்கள் உங்கள் சான்றிதழை வழங்கிய ரூட்டை நம்பவில்லை. 'எஸ்எஸ்எல்வி3_அலர்ட்_ஹேண்ட்ஷேக்_ஃபெயிலியர்' என்பதில் எஸ்எஸ்எல் 3 என்று இருப்பது பழைய பெயரின் எச்சம்தான். பொதுவான சைஃபர் இல்லை என்பதையோ, கேட்ட கிளையன்ட் சான்றிதழ் வரவில்லை என்பதையோ அது சொல்லலாம்.

'ராங்_வெர்ஷன்_நம்பர்' வந்தால் பதிப்பைத் தொட வேண்டாம். பெரும்பாலும் குறியாக்கமில்லாத போர்ட்டில் டிஎல்எஸ் பேசியிருப்பீர்கள். மின்னஞ்சலில் 465 முதல் பைட்டிலிருந்தே டிஎல்எஸ். 587 சாதாரணமாகத் தொடங்கி, 'ஸ்டார்ட்டிஎல்எஸ்' சொன்ன பிறகே டிஎல்எஸ்.

எதுவும் புரியாதபோது வலையமைப்பில் போகும் பொட்டலங்களை வயர்ஷார்க் என்ற ஆய்வுக் கருவியில் திறந்து படிக்கலாம். 'எஸ்எஸ்எல்கீலாக்ஃபைல்' என்ற சூழல் மாறியில் ஒரு கோப்புப் பாதை கொடுத்தால், பைத்தான் 3.8 முதல் இயல்பு கான்டெக்ஸ்ட் இணைப்புச் சாவிகளை அதில் எழுதும். அந்தக் கோப்பை வைத்து அந்த இணைப்புகள் அனைத்தையும் அவிழ்க்கலாம். வேலை முடிந்த நிமிடமே கோப்பை அழித்து, மாறியையும் நீக்குங்கள்.

டிஎல்எஸ் 1.0 மட்டுமே தெரிந்த பழைய கருவி ஒன்று உங்கள் தொழிற்கூடத்தில் இருக்கலாம். அதற்கென்று தனிக் கான்டெக்ஸ்ட் உருவாக்கி, 'மினிமம்_வெர்ஷன்' மதிப்பைக் குறையுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் 3 என்றால் 'செட்_சைஃபர்ஸ்' மூலம் பாதுகாப்பு நிலையை 0 ஆக்காமல் அது இணையாது. சான்றிதழ்ச் சரிபார்ப்பை அங்கேயும் அணைக்க வேண்டாம். கருவியின் சான்றிதழைக் கோப்பாக எடுத்து, அதை மட்டும் நம்பச் சொல்லலாம். அந்தக் கான்டெக்ஸ்ட் அந்த ஒரு கருவியின் முகவரிக்கு மட்டும் பயன்படட்டும். வேறு எந்த இணைப்பும் அதைத் தொடாதபடி நிரலில் தனிச் செயற்கூறுக்குள் வையுங்கள்.